வெள்ளைத் திட்டுகள் எல்லாம் ஒன்றல்ல

மூன்றாம் வகுப்புக் குழந்தையின் கன்னத்தில் வெளிறிய திட்டு ஒன்று தெரிகிறது. "வயித்துல பூச்சி இருக்கும், மாத்திரை வாங்கிக் கொடுங்க" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விரல் நுனிகள் பால் போல வெளுத்து வருகின்றன. அவளிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. சில நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறாள். இரண்டும் தோலில் தெரியும் வெண்மைதான். காரணம் வேறு, நாம் செய்ய வேண்டியதும் வேறு.

முதல் குழந்தைக்கு இருப்பது பெரும்பாலும் 'பிட்டிரியாசிஸ் ஆல்பா' எனப்படும் வறண்ட தோல் திட்டு. 3 முதல் 16 வயதுக்குள் மிகச் சாதாரணமாக வருவது. விளிம்பு தெளிவாக இருக்காது. மேலே மெல்லிய பொருக்கு காணப்படும். நிறம் குறைந்திருக்குமே தவிர முழுவதும் போயிருக்காது. இதற்கும் குடற்புழுவுக்கும் தொடர்பில்லை. கால்சியம் குறைவும் காரணமல்ல. தேங்காய் எண்ணெய் போன்ற ஏதாவது ஒன்றைத் தடவித் தோல் வறளாமல் பார்த்துக்கொண்டால், சில மாதங்களில் தானாகவே மறையும். குடற்புழு நீக்க மாத்திரையைப் பள்ளியில் கொடுக்கும் நாளில் கொடுப்போம். அது வேறு கணக்கு.

தேமல் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் வரும். கழுத்து, மார்பு, முதுகு, மேற்கை என்று வியர்வை தங்கும் இடங்களில் சிறு சிறு திட்டுகளாகப் பரவும். சுரண்டினால் தவிடு போல உதிரும். எல்லோருடைய தோலிலும் இருக்கும் ஒரு வகைப் பூஞ்சை, வியர்வையில் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வருகிறது. களிம்பில் குணமாகும், ஆனால் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் "மருந்து கேட்கவில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி வெண்புள்ளி. மருத்துவத்தில் இதை 'விட்டிலிகோ' என்பார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் அழிந்துபோவதால், அந்த இடம் சுண்ணாம்பு போல வெளுக்கிறது. விளிம்பு தெளிவாக இருக்கும். பொருக்கு, அரிப்பு, வலி பொதுவாக இருக்காது; தொட்டால் உணர்ச்சி இருக்கும். கிருமி எதுவும் இல்லாததால் தொற்றுவதற்கும் வழியில்லை. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அதாவது பலருக்கு முதல் புள்ளி தோன்றுவது நம்மிடம் படிக்கும் காலத்தில்தான்.

இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பரவலாகக் காணப்படுவது உடலின் இரு பக்கமும் ஒத்து வரும் வகை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே நிறச் செல்களைத் தாக்குவதால் இது உண்டாகிறது. கண்ணையும் வாயையும் சுற்றி, விரல்கள், முழங்கை, முழங்கால், பாதம் என்று தொடங்கும். சிலருக்கு உதடும் விரல் நுனியும் மட்டும் வெளுக்கும். சிலருக்குத் தைராய்டு கோளாறும் உடன் இருக்கலாம் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். மற்றொன்று, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருவது. சிறு வயதிலேயே தொடங்கி, வேகமாகப் பரவி, ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். அந்த இடத்து முடியும், புருவமோ இமை முடியோ கூட, நரைத்துவிடுவதுண்டு.

ஒட்டுப் பொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பொட்டுகளின் பசையில் உள்ள வேதிப்பொருள் நிறச் செல்களைக் கொல்லும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்தால் முதலில் பொட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்திலும் இப்படி நேர்வதுண்டு.

நாம் தவறவிடவே கூடாதது தொழுநோய்த் திட்டு. இது பால் வெள்ளையாக இருக்காது; வெளிறியோ லேசாகச் சிவந்தோ இருக்கும். அந்த இடம் வறண்டு, வியர்க்காமல், முடி குறைந்து, உணர்ச்சி மங்கியிருக்கும். ஆனால் முகத்துத் திட்டில் உணர்ச்சிக் குறைவு எளிதில் தெரியாது. எனவே நாமே குத்திப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும். கூட்டு மருந்து சிகிச்சை அங்கே இலவசம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் கை கால் ஊனம் வராமல் தடுக்கலாம். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் காட்டலாம்.

இந்த இரண்டு நோய்களையும் ஒன்றாகக் குழப்பியது 'வெண்குஷ்டம்' என்ற பழைய சொல். குஷ்டம் என்றால் தொழுநோய். வெண்புள்ளிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அந்தச் சொல்லைக் கைவிட்டு 'வெண்புள்ளிகள்' என்றே வழங்க வேண்டும் எனத் தமிழக அரசு அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியர் அறையில் இன்னும் பழைய சொல்லே காதில் விழுகிறது என்பது வருத்தம்தான்.

வெண்புள்ளிக்குச் சிகிச்சை இருக்கிறது. களிம்புகளும், தோல் மருத்துவர் மேற்பார்வையில் தரும் புறஊதா ஒளிச் சிகிச்சையும் குழந்தைகளுக்கு, அதுவும் முகத்தில், நல்ல பலன் தரும். விரல் நுனியிலும் உதட்டிலும் நிறம் திரும்புவது கடினம். சீக்கிரம் தொடங்குவது நல்லது. யாரோ சொன்னார்கள் என்று கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளம் வரும். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. சத்துணவில் இந்தக் குழந்தைக்கு முட்டையை நிறுத்தக் காரணமே கிடையாது.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை சிறியவை. வெளுத்த தோல் வெயிலில் எளிதில் எரியும் என்பதால், காலை வழிபாட்டில் நிழலில் நிற்கவும் முழுக்கைச் சட்டை அணியவும் அனுமதிக்கலாம். உராய்வும் காயமும் படும் இடத்தில் புதுப் புள்ளி வரலாம் என்பதால், இறுக்கமான வாரும் பட்டையும் வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லலாம். விளையாட்டுக்குத் தடை இல்லை. பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள்; வகுப்பின் நடுவே "இது என்ன?" என்று கேட்க வேண்டாம். இடம் மாறி உட்கார்ந்த அந்தத் தோழியிடமும் தனியாகப் பேசி, இது ஒட்டாது என்று விளக்குங்கள். ஆண்டு விழா நடனத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்படும் குழந்தைக்கு ஏன் தள்ளப்பட்டோம் என்று புரியும். அவளை முன்வரிசையிலேயே நிறுத்துங்கள்.