மேக்ரோ கற்போம், பழைய மலர்களை மீட்போம்

விக்ரோலியில் நம் சங்க மலர்களின் பழைய கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் திறந்தால் படிக்க முடிவதில்லை. யூனிகோட் புழக்கத்துக்கு வருமுன் அடித்தவை அவை. அந்த ஃபாண்ட் இல்லையென்றால் திரையில் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தாத்தா எழுதிய கட்டுரையைப் பேத்தி மொபைலில் படிக்க வேண்டுமானால் மாற்றித்தான் ஆகணும். எல்லாவற்றையும் மறுபடி அடிக்க யாருக்கு நேரம்? இங்கேதான் மேக்ரோ கைகொடுக்கிறது.

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒரே கட்டளையில் கட்டி வைப்பதே மேக்ரோ. எக்செல்லில் 1993இலும், வேர்டில் 97ஆம் பதிப்பிலும் வந்த விஷுவல் பேசிக் அதற்கான மொழி. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் மாணவர்களுக்காக உருவாக்கிய பேசிக்கின் வாரிசு இது. ஆகவே, கோபால் மட்டுமே அறிந்த என்னைப் போன்றவர்களும் பயப்பட வேண்டியதில்லை.

இலக்கணப் புத்தகத்தோடு தொடங்காதீர்கள். வேர்டில் 'ரெக்கார்ட் மேக்ரோ'வை அழுத்தி, ஓர் எழுத்தைத் தேடி மாற்றி, பதிவை நிறுத்துங்கள். ஆல்ட்டையும் எஃப்11ஐயும் சேர்த்து அழுத்தினால், நீங்கள் செய்ததை வேர்டே நிரலாக எழுதி வைத்திருக்கும். அதில் ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒன்று கவனம்: நிரல் எழுதும் அந்தச் சன்னலில் தமிழ் கேள்விக்குறியாகிவிடும். எனவே 'க' வேண்டுமென்றால் அதன் யூனிகோட் எண்ணான 2965ஐத்தான் தர வேண்டும்.

எண்களை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. பழைய முறையில் 'கெ' என்பதற்குக் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில். 'கொ' என்றால் கொம்பு, 'க', கால் என மூன்று துண்டு. மூன்று துண்டுகளை முதலில் சேருங்கள். இரண்டு துண்டுகள் அப்புறம்.

சிக்கல் 'கௌ'வில். பல பழைய ஃபாண்ட்களில் அதன் கடைசித் துண்டும் 'ள' எழுத்தும் ஒன்றே. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெளி' கெட்டுவிடும். மாற்றாமல் விட்டால் 'கௌரி' 'கெளரி' ஆகிவிடுவாள்! எனவே நிபந்தனை வேண்டும்: 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது எழுத்து, இல்லையேல் 'ஔ' குறி. ரெக்கார்டர் இதைப் பதியாது. 'இஃப்... தென்' என்று நாமே எழுத வேண்டும். மொழி கற்பது உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள், நகலில் ஓட்டுங்கள். யாரோ அனுப்பிய மேக்ரோவையும் ஓட்டாதீர்கள். 1999இல் மெலிசா வைரஸ் பரவியது வேர்டு மேக்ரோவாகத்தான்.

கடைசியாக, பெயர்களை மட்டும் ஒரு பெரியவர் கண்ணால் சரிபார்க்கட்டும். மலரில் இருப்பவை நம் மனிதர்களின் பெயர்கள் அல்லவா!