பனையின் இனிப்பும் உயிர்க்கலத்தின் சக்தியும்

ஒரே பனையின் இரு பாளைகளில் இரு முட்டிகள் கட்டப்படுகின்றன. ஒன்றின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசப்பட்டுள்ளது, மற்றையதிற் பூசப்படவில்லை. மறுநாட் காலையிற் சீவல் தொழிலாளர் இவற்றை இறக்கும்போது, முதலாவதில் தெளிந்த இனிய கருப்பநீர் இருக்கும். இரண்டாவதில் வெண்ணிறமாய் நுரை பொங்கும் கள் இருக்கும். மரம் ஒன்று, சாறு ஒன்று, இரவும் ஒன்று. ஆயினும் ஒன்று பனங்கட்டியாகத் தக்கது, மற்றையது தகாதது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதனை அறியாதார் இலர். ஆனால் அந்த இரவில் முட்டியினுள் நடந்தது யாது என வினவினால், "சுண்ணாம்பு போட்டால் புளியாது" என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. அவ்விடையை ஆராய்வோமாயின், உயிருள்ள பொருள்கள் யாவும் எவ்வாறு சக்தியைப் பெற்றுச் செலவிடுகின்றன என்பது தெளிவாகும். அத்துடன், பனங்கட்டி சில வேளைகளில் ஏன் இறுகாமற் பாணியாகவே நின்றுவிடுகின்றது என்பதும், ஒடியல் ஏன் நன்கு உலர வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலிற் சாற்றைக் கவனிப்போம். பனையின் ஓலைகள் சூரியவொளியைக் கொண்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர்கள் உறிஞ்சிய நீரையும் இணைத்து வெல்லப்பொருளை ஆக்குகின்றன. ஒளித்தொகுப்பு எனப்படும் இச்செயலினால் ஒளியின் சக்தி வெல்லத்தினுட் சேமிக்கப்படுகின்றது. பாளை வெளிவருங் காலத்திற் பூவையும் காயையும் ஆக்குவதற்கு மரம் அவ்வெல்லத்தைப் பாளைக்கு அனுப்புகின்றது. பாளையைச் சீவுவோர் அதனை வழியிலேயே மறித்துக்கொள்கின்றனர். சாற்றின் நூறு பங்கில் ஏறத்தாழ 10 முதல் 13 பங்கு வரை வெல்லமுண்டு. அதிற் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது கரும்பிலும் உள்ள அதே வெல்லம். ஆகவே மரம் தன் குழந்தைகளுக்கென ஒதுக்கிய எரிபொருளையே நாம் முட்டியில் ஏந்துகின்றோம்.

எரிபொருள் என்னுஞ் சொல் வெறும் உவமையன்று. 1780களில் பிரான்சு தேசத்து இலவோசியே என்னும் அறிஞர், சீமைப்பெருச்சாளி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகிற்று என்பதை அளந்து, சுவாசமும் ஒருவகை மெதுவான எரிதலே என்று முடிவு செய்தார். விறகு எரியும்போது ஒட்சிசன் செலவாகிக் காபனீரொட்சைட்டும் நீரும் உண்டாகின்றன. உயிர்கள் உணவைப் பயன்படுத்தும்போதும் அவையே உண்டாகின்றன. வேறுபாடு யாதெனில், அடுப்பிற் சக்தி முழுவதும் ஒரே தடவையில் வெப்பமாகிப் போய்விடும். உயிருள்ள கலமோ வெல்லத்தைச் சிறுசிறு படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் வெளிப்படும் சக்தியிற் கூடியவரை கைப்பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு படிக்கும் அதற்கேயுரிய ஒரு நொதியம் உண்டு. இவ்வாறு கலத்தில் நிகழும் ஆக்கமும் சிதைவுமான மாற்றங்கள் யாவும் சேர்ந்து அனுசேபம் எனப்படும்.

கைப்பற்றிய சக்தி எவ்வடிவத்தில் வைக்கப்படுகின்றது? சுன்னாகம் சந்தையில் ஒரு பிடி கீரை வாங்கச் செல்பவர் ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால், கடைக்காரர் திகைப்பார். தாளை முதலிற் சில்லறையாக மாற்றவேண்டும். கலத்துக்கு வெல்லம் பெருந்தாள் போன்றது. அதன் சில்லறை அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருளாகும். 1929ஆம் ஆண்டில் இலோமான் என்பவர் தசையில் இதனைக் கண்டறிந்தார். பற்றீரியாவிலும் பனையிலும் மாட்டிலும் மனிதரிலும் இதே பொருளே வழங்குகின்றது. வேர் உப்பை உறிஞ்சுவதற்கும், புதிய கலங்கள் கட்டப்படுவதற்கும், மாடு ஏரை இழுப்பதற்கும் செலவாகும் நாணயம் இதுவே. இது நெடுங்காலம் சேமித்து வைக்கத்தக்கதன்று. உண்டாகிய சில விநாடிகளிலேயே பெரும்பாலும் செலவாகிவிடும். ஆகையால் உயிர் உள்ளவரை இதனை இடையறாது ஆக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

குளுக்கோசு என்னும் வெல்லத்தின் ஒரு மூலக்கூறு, கலத்தினுள் முதலிற் பத்துப் படிகளில் இரண்டாகப் பிளக்கப்படுகின்றது. இதற்கு ஒட்சிசன் தேவையில்லை. இதனாற் கிடைக்கும் நிகர இலாபம் இரண்டு சில்லறைகளே. ஒட்சிசன் இருப்பின், பிளந்த துண்டுகள் இழைமணி எனப்படும் நுண்ணுறுப்பினுட் சென்று, 1937ஆம் ஆண்டில் கிறெபிசு என்பவர் விளக்கிய வட்டத்தின் வழியாக முற்றாகச் சிதைந்து, காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறும். அப்போது கிடைப்பன ஏறக்குறைய 30 அல்லது 32. பழைய பாடநூல்களில் 36 எனவும் 38 எனவும் காணப்படும். பின்வந்த அளவீடுகள் அதனைக் குறைத்துள்ளன. எவ்வாறாயினும் இரண்டுக்கும் முப்பதுக்கும் உள்ள தூரம் பெரிது.

முட்டியினுள் விழுஞ் சாற்றிற் காற்றில் இருந்தும், பாளையின் மேற்பரப்பில் இருந்தும், சீவுங் கத்தியில் இருந்தும், அனைத்திலும் மேலாக முட்டியின் மண் நுண்டுளைகளில் இருந்தும் மதுவக் கலங்கள் வந்து சேருகின்றன. அவை காற்றின்றியும் வாழ வல்லவை. வெல்லம் மிகுந்துள்ளவிடத்துக் காற்று இருந்தாலும் மதுவம் அவசர வழியையே பெரிதும் நாடும். அதாவது பிளந்த துண்டுகளை முற்றாக எரிக்காது, அற்ககோலாக்கி வெளியே விட்டுவிடும். இதுவே நொதித்தல். 180 கிராம் குளுக்கோசு முற்றாக நொதித்தால் 92 கிராம் அற்ககோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் உண்டாகும். கள்ளின் நுரை இந்தக் காபனீரொட்சைட்டேயாகும். வெல்லத்தின் நிறையில் ஏறத்தாழச் செம்பாதி இவ்வாறு காற்றோடு கலந்துவிடுகின்றது என்பதைப் பனங்கட்டி காய்ச்சுவோர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வெல்லத்திலிருந்த சக்தியிற் பெரும்பகுதி அற்ககோலிலேயே தங்கிவிடுகின்றது. சாராயம் தீப்பற்றி எரிவது இதற்குச் சான்று. மதுவம் பெறும் இலாபமோ இரண்டு சில்லறைகளே. ஆதலின் வாழ்வதற்கு அது வெல்லத்தை மிகுதியாகவும் விரைவாகவும் விழுங்க நேரிடுகின்றது. காற்றுப் பெற்ற மதுவம் குறைந்த வெல்லத்தைக் கொண்டு கூடுதலாகப் பெருகுகின்றது என்பதை 1861ஆம் ஆண்டில் பாசுற்றர் எடுத்துக்காட்டினார். 1897இற் புக்னர் என்னும் செருமானிய அறிஞர் மதுவத்தை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலம் ஒன்றேனும் இல்லாத சாற்றைக் கொண்டே வெல்லத்தை நொதிக்கச் செய்தார். நொதித்தலைச் செய்வது கலத்திலுள்ள நொதியங்களே என்பது அன்று உறுதியாயிற்று. நமக்கு இது பயன்படும் செய்தி. நொதியம் செயலற்றுப்போகும் நிலைமையை உண்டாக்கினால் நொதித்தலும் நின்றுவிடுமன்றோ?

அதனையே சுண்ணாம்பு செய்கின்றது. நொதியங்கள் அமிலத்தன்மையிலும் காரத்தன்மையிலும் உண்டாகும் மாற்றங்களைப் பொறா. மதுவம் சற்றே புளித்த சாற்றில் நன்கு வளரும். சுண்ணாம்பினாற் காரமான சாற்றில் அதன் தொழில் தடைப்படும். பற்றீரியாக்களும் பெரும்பாலும் அவ்வாறே. சுண்ணாம்பில்லாத முட்டியில் மதுவத்தின் வேலை முடிந்த பின்னர் வேறொரு கூட்டம் வந்து சேரும். அவை அசற்றிக்கமில பற்றீரியாக்கள். காற்றின் உதவியுடன் அற்ககோலை வினாகிரியின் புளிப்பாக மாற்றி, அதிலிருந்து தமக்குச் சக்தி பெறுகின்றன. காலையில் இனித்த கள் மறுநாள் வாயில் வைக்கமுடியாத புளிப்பாவது இதனாலாகும்.

இனிப் பனங்கட்டி இறுகாமைக்கு வருவோம். முட்டியிற் சுண்ணாம்பு போதாதிருப்பின், நுரை தோன்றுமுன்பே ஒரு கேடு நிகழ்ந்துவிடும். மதுவத்தில் ஒரு நொதியம் உண்டு. அது சுக்குரோசைக் குளுக்கோசு, பிறக்டோசு என இரண்டாகப் பிரிக்கும். மதுவத்துக்கு இது உணவை வெட்டி வைத்தல் போன்றது. பனங்கட்டி வார்ப்பவருக்கோ இது நட்டம். சுக்குரோசு எளிதிற் பளிங்காகி இறுகும். பிரிந்த வெல்லங்களின் கலவை அவ்வாறு இறுகாது, நீரையும் ஈர்த்துக் கசியும். புளித்த சாற்றைத் தாச்சியிற் காய்ச்சும்போது அமிலமும் வெப்பமும் சேர்ந்து இப்பிரிவை இன்னும் பெருக்கும். பிறகு எத்துணை விறகு எரித்தாலும் குட்டானில் வார்த்த பாகு மெழுகுபோற் கிடக்கும். அடுப்பையும் கைப்பக்குவத்தையும் குறைகூறுவதில் பயனில்லை. குறை முந்திய இரவே முட்டியில் நேர்ந்துவிட்டது.

ஆதலாற் காய்ச்சுமுன் சாற்றைச் சோதித்தல் நன்று. பாசிச்சாயத்தாள் இல்லாதவிடத்து மஞ்சட்டூளே போதும். மஞ்சள் தடவி உலர்த்திய வெள்ளைத் தாளிற் சாற்றைத் துளிக்கவிட்டால், சுண்ணாம்பு போதியதாயின் அவ்விடம் சிவக்கும். மஞ்சளாகவே நிற்குமாயின் அச்சாற்றைத் தனியே வைத்தல் வேண்டும். நல்ல சாற்றோடு கலத்தலாகாது. சுண்ணாம்பு மிகுதல் இதனினும் சிறிய பிழையே, எனினும் பிழைதான். கட்டி கறுத்துச் சுவை கெடும். சாற்றைத் தெளியவிட்டு, அடியிற் படிந்ததை விட்டு மேலே உள்ளதை வடித்தெடுத்துக் காய்ச்சுதல் முறை. முட்டிகளை நாள்தோறும் கொதிநீராற் கழுவி வெயிலிற் காயவைத்தல் வேண்டும். நேற்றைய முட்டியின் மண்ணில் ஒளிந்துள்ள மதுவம் இன்றைய சாற்றுக்கு உறையாகும். நொதியங்களின் வேகம் வெப்பநிலை 10 பாகை உயர ஏறத்தாழ இருமடங்காகும். எனவே வெயிலேறுமுன் முட்டியை இறக்கும் வழக்கம் காரணத்தோடு கூடியதே. 1990களிற் குடாநாட்டுக்கான பாதைகள் அடைபட்டுச் சீனி அரிதாகியபோது, தேநீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்ட குடும்பங்கள் பல. அன்று இறுகாத ஒரு தாச்சிப் பாகு எத்துணை இழப்பு என்பதை அவர்கள் அறிவர்.

மரத்தின் மற்றைய சேமிப்பு விதையாகும். நுங்கிலுள்ள மென்மையான பாகம் முற்றியபின் கல்போற் கடினமாகிறது. வித்தகவிழையம் எனப்படும் இப்பாகத்திற் பெரும்பாலும் இருப்பது மாப்பொருளன்று. கலச்சுவர்களிற் செறிந்த ஒருவகைக் காபோவைதரேற்று. ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களின் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கினால், முளை வெளிப்பட்டு மண்ணினுட் கீழ்நோக்கிச் செல்லும். கொட்டையினுள்ளோ வெண்மையான பஞ்சு போன்ற பூரான் வளர்ந்து உள்ளிடத்தை நிரப்பும். சிறுவர் வெட்டித் தின்னும் இப்பூரானே விதையின் குடல் எனலாம். வித்தகவிழையத்திலிருந்து கரையும் வெல்லத்தை உறிஞ்சிக் கீழே அனுப்புவது அதன் கடமை. அவ்வெல்லம் கிழங்கில் மாப்பொருளாகப் படிகின்றது. எல்லாம் சென்றபின் மிஞ்சுவது வெறும் ஊமல்.

இப்பெயர்ச்சிக்கும் கூலி உண்டு. கரைப்பதற்கும் கடத்துவதற்கும் மீண்டும் கட்டுவதற்கும் முளை ஒரு பங்கு வெல்லத்தைச் சுவாசித்துச் செலவிடுகின்றது. ஆகவே கிழங்கின் உலர்நிறை விதை இழந்த உலர்நிறையினும் எப்போதும் குறைவாகவே இருக்கும். அச்சுவாசத்துக்கு ஒட்சிசன் வேண்டும். மாரியில் நீர் தேங்கிய பாத்தியில் மண்ணின் துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளக், கலங்கள் மேற்கூறிய இரண்டு சில்லறை வழிக்குத் தள்ளப்படும். முளை மெலிந்து அழுகும். பாத்தியை மேடாக்கி, இளகிய மணலில் இடுவது நீர் வடிவதற்கும் காற்றுப் புகுவதற்குமேயாகும். மேலும், தை, மாசியில் உரிய வேளையிற் கிழங்கைக் கிண்டாது விட்டால் முதல் ஓலை விரிவதற்கு மாப்பொருள் செலவாகி, நார் மிகுந்துவிடும். கிழங்காகத் தின்னக் கருதாத கொட்டைகளுக்கு இது பொருந்தாது. யுத்த காலத்திற் பதுங்குகுழிகளுக்கென வெட்டுண்ட பனைகளின் இடத்தை நிரப்ப வேண்டுவோர், நல்ல கொட்டைகளிற் சிலவற்றை நிலையான இடத்திலேயே ஊன்றி, ஓலை விரிய விடல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் பனையையும் அதன் பொருள்களையும் பற்றிய பணிகளில் ஈடுபட்டவையாகும்.

கிண்டிய கிழங்கும் உயிருள்ளதே. பறித்த கணத்தில் இறந்துவிட்டதென எண்ணிக் குவித்து வைப்பவர், குவியலினுட் கைவிட்டுப் பார்ப்பாராயின் வெம்மையை உணர்வார். அது கிழங்கின் மூச்சு. ஒவ்வொரு நாளும் மாப்பொருள் சிறிது சிறிதாகக் காபனீரொட்சைட்டாகிக் கொண்டிருக்கும். தோலை உரித்து இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால், நீர் குறைந்த கலத்தில் நொதியங்கள் இயங்க இயலாமற் போகும், சுவாசம் நிற்கும், பூஞ்சணமும் வளராது. இதுவே ஒடியல். புழுக்கொடியலில் நொதியங்கள் அவிக்கும்போதே வெப்பத்தால் அழிகின்றன. எனினும் ஈரம் எஞ்சினாற் பூஞ்சணம் வரும். இரண்டையும் முறித்தால் ஓசையுடன் முறியும் வரை காயவைத்து, ஆறியபின்னரே காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தல் வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறத்தில் நீர் வியர்த்து, மேலே உள்ள ஒடியலிலேயே சொட்டும்.