தாமஸ் நார்த்தின் நூலும் திம்னாவின் விசாரணையும்

1570-ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. இத்தாலியரான தோனியின் அறநெறித் தத்துவம் என்பது அதன் தலைப்பின் பொருள். மொழிபெயர்த்தவர் தாமஸ் நார்த். 1579-இல் புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளை ஆங்கிலத்தில் தந்து, ஷேக்ஸ்பியரின் ரோமானிய நாடகங்களுக்கு மூலப்பொருள் வழங்கியவரும் இவரே. இந்திய மொழியில் முதற்கண் தொகுக்கப்பட்டுப் பல மொழிகளுக்குச் சென்ற நூல் இது என முகப்புப் பக்கம் அறிவிக்கிறது. இத்தாலிய மொழியின் பெயரும் அங்குண்டு. அரபு மொழியின் பெயர் மட்டும் இல்லை.

அந்நூல் வந்த வழியை நோக்குவோம். ஆறாம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசர் அனூஷிர்வானின் மருத்துவர் புர்ஸோயி, பஞ்சதந்திரத்தையும் வேறு சில இந்தியக் கதைகளையும் பஹ்லவி மொழிக்குக் கொணர்ந்தார். அப்பிரதி அழிந்துவிட்டது. அதனை ஏறத்தாழ கி.பி. 750-இல் இப்னுல் முகஃப்ஃபா ‘கலீலா வ திம்னா’ என அரபியாக்கினார். அரபியிலிருந்து எபிரேயம், அதிலிருந்து 13-ஆம் நூற்றாண்டில் இலத்தீன், பின் 1493-இல் ஸ்பானியம் என அது பயணம் செய்தது. இவ்வழி வந்த கதைகளையே தோனி 1552-இல் இத்தாலிய மொழியில் வெளியிட்டார். நார்த் ஆங்கிலமாக்கியது அதனைத்தான்.

பஞ்சதந்திரத்தின் கரடகன், தமனகன் என்னும் நரிகளே அரபியில் கலீலாவும் திம்னாவும் ஆயினர். நார்த்தின் நூலில் அவர்கள் முறையே கழுதையாகவும் கோவேறு கழுதையாகவும் உருமாறுகின்றனர். சிங்கத்திற்கும் அதன் நண்பனான காளைக்கும் இடையே கோள் மூட்டிக் காளையைக் கொல்விக்கும் தமனகன், வடமொழியில் தண்டனையின்றி அமைச்சனாகவே வாழ்கிறான். அரபு நூல் அவனை அவ்வாறு விட்டுவிடவில்லை. திம்னா சிறையிலிடப்பட்டு நீதிபதியின் முன் நிறுத்தப்படுகிறான். தன் நாவன்மையால் குற்றச்சாட்டுகளை அவன் மறுக்கிறான். சிங்கத்தின் தாய் எவ்வளவு வற்புறுத்தியும் ஐயத்தின் பேரில் தீர்ப்பு வழங்கப்படவில்லை. ஒருவர் சாட்சி போதாதென்பதால், இரண்டாவது சாட்சி கிடைத்த பின்னரே அவனுக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. இவ்வத்தியாயத்தைச் சேர்த்தவர் இப்னுல் முகஃப்ஃபாவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இஸ்லாமியச் சட்ட மரபின் சாயலை இதில் நாம் எளிதில் இனங்காணலாம்.

இப்னுல் முகஃப்ஃபாவின் முடிவோ வேறாக அமைந்தது. கலீஃபா அல்மன்ஸூருக்கு எதிராக எழுந்து தோற்ற, அவருடைய தந்தையின் சகோதரர் அப்துல்லாஹ் இப்னு அலீக்காக ஓர் அபயப் பத்திரத்தை அவர் வரைந்தார். கலீஃபா அதனை மீற இடமின்றி நிபந்தனைகளை அவர் இறுக்கி எழுதியதே பகைக்குக் காரணமாயிற்று என்பர் வரலாற்றாசிரியர். பஸராவின் ஆளுநர் சுஃப்யான் இப்னு முஆவியா அவரைக் கொடிய முறையில் கொன்றார். வஞ்சக நரிக்கும் முறையான விசாரணை வேண்டுமென எழுதியவருக்கு, அத்தகைய விசாரணை எதுவும் வாய்க்கவில்லை.

ஆயினும் அவருடைய எழுத்து நிலைத்தது. நார்த்தின் இறுதிப் பகுதியில் கோவேறு கழுதை விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறுகிறது. 1819-இல் நாட்ச்புல் அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலமாக்கினார். 1888-இல் ஜோசப் ஜேக்கப்ஸ் நார்த்தின் நூலை மறுபதிப்பித்து அதன் பரம்பரையை விளக்கினார். முகப்புப் பக்கம் பெயர் கூறாது விட்ட அரபு மொழியின் பங்களிப்புக்கு அவ்விசாரணைப் பகுதியே சான்றாக நிற்கிறது.