வேடனை அறியாத வில்லாளன்

மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ வேடங்களைப் புனைகின்றான். அவற்றுட் சில களைந்தவுடன் மறைந்துவிடுகின்றன. சிலவோ, ஆண்டுகள் பல சென்ற பின்னரும் மீண்டு வந்து நம்மோடு பேசுகின்றன.

அண்மையில் பழைய பெட்டியொன்றைத் துப்புரவு செய்தபோது மஞ்சளேறிய கொப்பியொன்று எம் கைக்கு எட்டியது. 2003ஆம் ஆண்டு படுவான்கரைச் சிற்றூரொன்றில் நாம் அருச்சுனனாக ஆடிய வடமோடிக் கூத்தின் பாட்டுகளும் தாளக்கட்டுகளும் அதில் இருந்தன.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழுவதும் படுவதுமே இப்பெயர்களுக்குக் காரணம். இவ்விரு கரைகளிலும் கூத்து ஓரிரவுப் பொழுதுபோக்கன்று. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என மாதக்கணக்கில் நீளும் ஊர் வேள்வி அது. அண்ணாவியார் மத்தளம் முழக்க, சல்லாரி ஒலிக்க, வட்டக்களரியில் விடிய விடிய ஆடுவர்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதை வளர்ப்பதே அதன் இயல்பு. பாலையிலும் வனத்திலும் அலையும் மந்திரவாதி அவ்விளையாட்டினர் விரும்பி ஏற்கும் பாத்திரங்களுள் ஒருவன். நாம் ஏற்றதும் ஏறத்தாழ அத்தகைய பாத்திரமே.

வனவாசத்தின்போது வியாசர் தருமனுக்கு ஒரு மந்திர வித்தையைக் கற்பிக்கிறார். தருமனிடம் அதனைக் கற்ற அருச்சுனன், தெய்வப் படைக்கலம் வேண்டி உடன்பிறந்தாரைப் பிரிந்து தனியே இமயம் செல்கிறான். அங்கே ஒரு பன்றி பாய்ந்து வருகிறது. அதன்மேல் அவன் எய்த அம்புடன் வேடன் ஒருவனின் அம்பும் தைக்கிறது. 'பன்றி யாருக்கு?' என்ற பூசல் போராக மூள்கிறது. வேடனாக வந்தவர் சிவபெருமான்.

அன்று இளமை மிடுக்கில் எமக்கு இனித்தது அந்தப் போர்தான். துள்ளி ஆடி வேடனை இகழும் இடத்தில் சபையோர் ஆரவாரிப்பர், நாமும் மகிழ்ந்தோம். இன்று கொப்பியைப் புரட்டியபோது அந்த இகழ்ச்சியே எம் நெஞ்சைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு.

சென்ற மாதம் வகுப்பில் மாணவனொருவன் உறங்கிவிட்டான். "படிக்க மனமில்லாதவன் வீட்டிலேயே உறங்கலாமே!" என்று பலர் முன்னிலையில் கடிந்தோம். அவன் தலைகுனிந்து நின்றான். தந்தை நோயுற்றபின், இரவெல்லாம் வாவியில் தோணியோட்டி இறால் பிடித்து, விடியலில் விற்றுவிட்டு அவன் வகுப்புக்கு வருகிறான் என்பதைப் பின்னரே அவன் தோழர் வாயிலாக அறிந்தோம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

வியாச பாரதத்தில் அருச்சுனனின் அம்புகள் யாவும் தீர்ந்துபோகின்றன, வில்லும் பறிபோகிறது. மண்ணால் இறைவன் வடிவம் செய்து அவன் மாலை சூட்டுகிறான். அந்த மாலையை வேடனின் முடியிலே கண்டபோதுதான் எதிரில் நிற்பவர் யாரென உணர்கிறான். பாசுபதம் அவன் வலிமைக்குக் கிடைத்த பரிசன்று. செருக்கு அடங்கிய பின் கிடைத்த அருள்.

பழைய பாத்திரத்திடம் மீள்வது எமக்கு மட்டும் வாய்த்ததன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் செப்பனிட்டு மேடையேற்றினார். அங்கே 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அந்நாடகத்தைப் புதுக்கி அளித்தார். பாத்திரம் பழையதே, அதைக் காணும் கண்ணுக்கு அகவை ஏறுகிறது.

மறுநாள் அம்மாணவனை அதே வகுப்பில், அதே மாணவர் முன்னிலையில் அழைத்து, "தம்பி, நாம் பேசியது பிழை" என்றோம். அவன் கூச்சத்துடன், "பரவாயில்லை, சேர்" என்றான். அந்த இரு சொற்களைப் பெற எமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

மாணவச் செல்வங்களே, பாத்திரங்களை ஏற்று ஆடுங்கள். ஆடி முடித்ததும் மறந்துவிடாதீர்கள். நமக்கு எதிரே வரும் வேடன் யாரென்று, அம்பு தொடுக்குமுன் ஒருமுறை கேட்டறிவது நன்று.