சஷ்டி விரதமும் சர்க்கரை மாத்திரையும்: மெஷினில் 150, ரத்தத்தில் அமிலம்

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் கந்த சஷ்டி வந்துவிடும். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் காப்புக் கட்டினால் சூரசம்ஹாரம் வரை ஆறு நாள். அதற்குள் பதில் வேண்டும் என்று கடிதங்கள் குவிந்திருக்கின்றன. கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வெறும் தண்ணீர் குடித்து ஆறு நாளும் இருக்கலாமா?" முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போகும் மிளகு விரதக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். சிலருக்குச் சஷ்டி ஒரு சாக்கு. யூடியூபில் 'வாட்டர் ஃபாஸ்டிங்' பார்த்துவிட்டு, புண்ணியத்தையும் ஹெச்பிஏ1சி-யையும் ஒரே கல்லில் அடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள்.

சாமிக்கும் பக்தருக்கும் நடுவில் போய் நிற்பது பத்திரிகைக்காரன் வேலை அல்ல. சர்க்கரை நோய் என்றால் என்ன என்ற பாடத்தையும் நடத்தப்போவதில்லை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமே அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

வந்தவற்றில் ஒரு பெண்மணியின் கடிதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "சோதனைக்காக இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருந்தேன். காலை, மாலை குத்திப் பார்த்தேன். 150-ஐத் தாண்டவே இல்லை, 90-க்குக் கீழும் போகவில்லை. வயிறு மட்டும் புரட்டியது. அப்படியானால் ஆறு நாளும் இருக்கலாம்தானே?" கூடவே மருந்துச் சீட்டின் படம். அதில் இரண்டாவது வரியில் இருந்தது டாபாக்ளிஃப்ளோசின்.

அம்மா, கூடாது. உங்கள் மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது அளக்கும் பொருள்தான் உங்கள் ஆபத்துக்குச் சம்பந்தமில்லாதது.

இந்த மாத்திரை கெட்டிக்காரத்தனமான மாத்திரை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய சர்க்கரை மாத்திரைகள் பெரும்பாலும் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைப்பது, இருக்கும் இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைப்பது என்ற பாதையில்தான் போயின. இது இன்சுலின் பக்கமே திரும்பாமல் சிறுநீரகத்துக்குப் போகிறது. நம் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் சர்க்கரையை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, ஒரு பொட்டு விடாமல் திரும்ப ரத்தத்தில் ஏற்றிவிடும். ஏற்றுகிற வேலையில் 90 சதவீதத்தைச் செய்வது எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம். அதைத் தடுத்துவிட்டால் வடித்த சர்க்கரையில் ஒரு பகுதி சிறுநீரோடு போய்விடும். சர்க்கரை நோயாளியிடம் இது நாளுக்கு 60 முதல் 80 கிராம். 1835-லேயே ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருளுக்கு இந்தக் குணம் உண்டு. அதைத் திருத்தித் திருத்தி மாத்திரையாக்க ஒன்றே முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

பலனும் சின்னதல்ல. எம்பாக்ளிஃப்ளோசினை வைத்து 2015-ல் வந்த பெரிய ஆய்வில், இதய, ரத்தக்குழாய் நோயால் வரும் இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இன்று இதைத்தான் எழுதுகிறார்கள். டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020 அக்டோபரில் முடிந்தது, எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சில். அதன் பிறகு ஆளாளுக்குத் தயாரித்து விலையை இறக்கினார்கள். மெட்ஃபார்மினோடு கலந்தும், வேறு இரண்டோடு சேர்த்து மூன்றாகவும் ஒரே மாத்திரையில் வருகிறது. தான் சாப்பிடுவது என்னவென்று சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் போனது அப்படித்தான். அட்டையின் முன்பக்கத்துக் கொட்டை எழுத்து கம்பெனி வைத்த பெயர். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 'ஃப்ளோசின்' என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டாபா, எம்பா, கானா, ரெமோ என்று முன்னால் எது வந்தாலும் குடும்பம் ஒன்றுதான்.

இனி விரதத்துக்கு வருவோம். சாப்பாடு நின்றதும் கல்லீரல் தன் கையிருப்பை அவிழ்க்கும். அது நூறு கிராம் போல. ஒரு நாள், ஒன்றரை நாளில் தீரும். பிறகு தசையைக் கரைத்துச் சர்க்கரை தயாரிக்கும், கொழுப்பை உருக்கிக் கீட்டோன் தயாரிக்கும். கீட்டோன் விஷமல்ல. மூளைக்கே அது மாற்று உணவு. ஆனால் அமிலம். எவ்வளவு உருகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது இன்சுலின். அதற்குச் சர்க்கரையை இறக்குவது மட்டும்தான் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொழுப்பைப் பூட்டி வைப்பதும் அதன் வேலைதான். கணையம் நன்றாக இருப்பவர் ஆறு நாள் பட்டினி கிடந்தாலும், கீட்டோன் ஏற ஏறக் கணையம் கொஞ்சம் இன்சுலினைச் சொட்டவிட்டுப் பூட்டைப் போட்டுவிடும். பத்துப் பதினைந்து வருடச் சர்க்கரைக்காரரின் கணையத்தில் சொட்டவிட அவ்வளவு இருக்காது.

இங்கேதான் மாத்திரை குறுக்கே வருகிறது. உள்ளே வருவது ஒன்றுமில்லை, ஆனாலும் சிறுநீர் வழியே சர்க்கரை போவது நிற்கவில்லை. கல்லீரல் தசையைக் கரைத்துச் செய்த சர்க்கரையும் அதே வழியில் போகிறது. ரத்தச் சர்க்கரை இறங்குவதால் கணையம் இன்சுலினை இன்னும் குறைக்கிறது. விரதம் ஏற்கெனவே குறைத்ததை மாத்திரையும் சேர்ந்து குறைக்கிறது. பூட்டு திறந்துகொள்ள, கொழுப்பு உருகி, அமிலம் ஏறுகிறது; டாக்டர்கள் இதைக் கீட்டோ அசிடோசிஸ் என்பார்கள். சர்க்கரையோடு உப்பும் நீரும் வெளியேறுவதால் உடம்பு வற்றுகிறது. வழக்கமான கீட்டோ அசிடோசிஸில் சர்க்கரை 400, 500 என்று எகிறும், வீட்டார் பதறி ஓடுவார்கள். இதில் சர்க்கரைதான் சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறதே! மெஷின் 150 காட்டும், சில சமயம் 110. ரத்தத்தின் பிஹெச் அமிலப் பக்கம் சாய்ந்து 7.3-க்குக் கீழே போயிருக்கும்.

அறிகுறிகளைப் பாருங்கள்: குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, அசதி, இரைப்பு. நான்காம் நாள் விரதத்தில் இருப்பவருக்கு இவை வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? விரதக் களைப்பு, பித்தம், கேஸ். எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய மெஷினும் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவில் இந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரை 2013-ல் அனுமதி பெற்றது. 2015 மே மாதமே அந்நாட்டு எஃப்டிஏ இந்த அபாயம் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2016-ல் ஆராய்ந்து, 'அரிது' என்றது. மருந்துத் துறையில் 'அரிது' என்பது ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழே, பத்தாயிரத்தில் ஒருவர் வரை. எண் சரியாகவே இருக்கட்டும். அது யாருடைய எண்? மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு ஆய்வுக்கு வந்துபோனவர்கள் உள்ளிட்ட எல்லோருக்குமான சராசரி. சாப்பாடு குறைவதை அபாயக் காரணங்களில் ஒன்றாக இதே மாத்திரைகளின் குறிப்பேடு சொல்கிறது. அப்படிப்பட்ட காரணத்தை ஆறு நாள் வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறவருக்கு அந்த 'அரிது' பொருந்தாது. 'விரதம் இருக்குமுன் மருத்துவரை அணுகவும்' என்ற வழக்கமான வாசகத்தையும் நான் பெரிதாக நம்புவதில்லை. ஐந்து நிமிடச் சந்திப்பில் விரதத்தைப் பற்றி டாக்டரும் கேட்பதில்லை, திட்டுவார் என்று இவரும் சொல்வதில்லை.

அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எஃப்டிஏ 2020-ல் குறிப்பேட்டைத் திருத்தியது (எர்ட்டுக்ளிஃப்ளோசினுக்கு நான்கு நாள்). ஒரு நாள் வெறும் வயிற்றுக்கே அந்தக் கணக்கு. காப்புக் கட்டும் காலையில் மாத்திரையை விட்டால் போதாது என்பது அதிலிருந்தே தெரியும். சிலருக்கு விளைவு இன்னும் பல நாள் நீடிக்கிறது. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே மாத்திரையை உங்களுக்கு இதயத்துக்காக எழுதியிருக்கலாம்.

கீட்டோனை அளந்தால் தெரிந்துவிடுமா? மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சிறுநீர்ப் பட்டை அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டும். அமிலத்தில் பெரும்பங்கு பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட். பட்டைக்கு அது தெரியாது. விரலில் குத்திப் பார்க்கும் கீட்டோன் மீட்டர் மேல். அதிலும் ஒரு சிக்கல்: தண்ணீர் விரதத்தில் ஆரோக்கியமானவருக்கே சில நாளில் 3 மில்லிமோலைத் தாண்டும். சாப்பிடுகிறவருக்கு 3 என்றால் அவசரம், பட்டினி கிடக்கிறவருக்கு அது சாதாரணமாகவும் இருக்கலாம், ஆபத்தாகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்வது மருத்துவமனையில் எடுக்கும் ரத்த வாயுப் பரிசோதனைதான். ஆகவே அவசரப் பிரிவில் சொல்ல வேண்டிய வாசகத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இவர் இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, இந்த ஃப்ளோசின் மாத்திரை எடுக்கிறார், கீட்டோன் பாருங்கள்." சொல்லாவிட்டால் சர்க்கரை 150 என்று பார்த்துவிட்டு, அல்சர் ஊசி போட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் இருக்கிறது, வேடிக்கையான வைத்தியம். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், கூடவே இன்சுலினும். கொழுப்பைப் பூட்ட இன்சுலின் வேண்டும், அந்த இன்சுலினைத் தாங்கச் சர்க்கரை வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தப்பான பாட்டில் என்று சத்தம் போட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

மற்றக் கேள்விகள்.

ரம்ஜானில் முப்பது நாள் நோன்பு இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே?

ஆகிறது. 13 நாடுகளில் நடந்த எபிடையார் ஆய்வில், டைப் 2 நோயாளிகளுக்குச் சர்க்கரை கடுமையாக இறங்குவது ரம்ஜானில் ஏழரை மடங்கு ஆனது. அங்கே மஃரிபுக்குப் பிறகு சாப்பாடு உண்டு, மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றிக்கொள்ளலாம், யாருக்கு எவ்வளவு அபாயம் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் சர்வதேச வழிகாட்டியும் 2021-லிருந்து இருக்கிறது. ஆறு நாள் தண்ணீர் விரதத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

கிளிமிபிரைட், கிளிக்கிளசைடு மட்டும் எடுக்கிறேன்.

உங்களுக்கு நேரெதிர் ஆபத்து: சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை இன்சுலினைச் சுரக்க வைக்கும், 70-க்குக் கீழே இறங்கினால் விரதத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்சுலின் ஊசி போடுகிறேன், சாப்பிடாத நாளில் விட்டுவிடலாமா?

டைப் 1 என்றால் ஒரு நாளும் விடக் கூடாது, தண்ணீர் விரதமும் வேண்டாம். டைப் 2 என்றால் அளவை டாக்டர் குறைப்பார், நீங்கள் குறைக்காதீர்கள்.

மெட்ஃபார்மின் மட்டும்தான்.

தனியாக அது சர்க்கரையை அபாயமாக இறக்குவது அபூர்வம். ஒரு நாள் உபவாசம் பலருக்கும் ஒத்துவரும், ஆறு நாளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பால், பழம் எடுத்துக்கொண்டால் விரதம் ஆகாதா?

அப்படி இருப்பவர்கள்தான் ஊரில் அதிகம், சர்க்கரைக்காரருக்கும் அதுதான் நல்லது.

இளநீர்?

சர்க்கரையும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்களும் டெல்மிசார்ட்டன் போன்ற பிபி மாத்திரைக்காரர்களும் வேளாவேளைக்குக் குடிக்க வேண்டாம்.

விரலில் குத்தினால் விரதம் முறியுமா?

முறியாது.

தண்ணீர் விரதம் சர்க்கரை நோயைத் திருப்பிவிடும் என்கிறார்களே?

2017-ல் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நோய் தணிந்தது, ஆனால் அவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் தினம் 850 கலோரி போலச் சாப்பிட்டார்கள், சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தியிருந்தார்கள்.

பட்டினியில் செல் தன் கழிவைத் தானே தின்னும் ஆட்டோஃபேஜிக்கு நோபல் கொடுத்தார்களே?

2016-ல் கொடுத்தார்கள், ஈஸ்டில் செய்த ஆராய்ச்சிக்கு.

ஏழாம் நாள் பாரணைக்கு வடை, பாயசம்?

ஐந்து நாளுக்கு மேல் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து விழுந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் வரை பாதிக்கும். முதல் நாள் வழக்கத்தில் பாதிகூட வேண்டாம், கஞ்சியில் தொடங்குங்கள்.

விரதத்தில் மயங்கிவிட்டால் வாயில் சர்க்கரை போடலாமா?

நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்கள், மாத்திரை அட்டைகளை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.