பௌதிகவியலில் மூன்றா? கலங்க வேண்டாம்

1913ஆம் ஆண்டுக் கோடையில் அல்பேர்ட் ஐன்ஸ்டீனும் மேரி கியூரி அம்மையாரும் தத்தம் பிள்ளைகளுடன் எங்கடின் பள்ளத்தாக்கில் நடைப்பயணம் மேற்கொண்டனர். இன்று அங்கு, சுவோஸ் ஊரிலுள்ள கல்லூரி போன்றவற்றில், 'மத்தூரா' சான்றிதழுக்குப் பௌதிகவியல் கட்டாய பாடமாகும்.

நூறு புள்ளிக்குப் பழகிய பெற்றோராகிய நாம், பிள்ளையின் அறிக்கையில் 3 என்பதைக் கண்டதும் பதறுகின்றோம். சுவிஸில் அளவு 1 முதல் 6 வரை. 6 அதிசிறப்பு, 4 சித்தி. மத்தூராவில் ஒரு பாடம் 4இலிருந்து எவ்வளவு குறைகின்றதோ, அதன் இரு மடங்கை ஏனைய பாடங்களில் 4க்கு மேலாகப் பெற்று ஈடுசெய்யலாம். பௌதிகவியலில் 3 எனில், வேறு இரு பாடங்களில் 5 வீதம் பெற்றாற் போதும். ஆனால் நான்குக்கு மேற்பட்ட பாடங்கள் 4க்குக் கீழே செல்லலாகாது.

1895இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தவறியவர் ஐன்ஸ்டீன். ஆராவ் நகரில் ஓராண்டு பயின்று 1896இல் அவர் பெற்ற சான்றிதழில் பிரெஞ்சுக்கு 3, பௌதிகவியலுக்கு 6. அதனுடன் அதே கல்லூரியிற் சேர்ந்தார்.

இன்றும் மத்தூரா பெற்றோர் அங்கு நுழைவுத் தேர்வின்றிச் சேரலாம். ஆயின் முதலாண்டுத் தேர்வில் தவறினால் மீண்டும் எழுத ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

எனவே 3 என்பது தண்டனையன்று, முன்னெச்சரிக்கை. சூத்திரத்தை மனனஞ் செய்தல் போதாது; அது ஏன் பொருந்துகின்றது எனப் பாடமொழியில் விளக்கவும் பிள்ளை கற்க வேண்டும். அவர்களைக் கடியாது, ஆசிரியரை நேரிற் சந்தித்துக் குறை எங்கேயென வினவுவோம்.