கூரையில் கொம்பு முளைத்த லொறி

கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் லீக்ஸும் கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டு ஹக்கல ஏற்றத்தில் முக்கி முனகும் லொறிகளை உங்களுக்குத் தெரியும். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டே, தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து கரன்ட் குடிக்கிற லொறியைத் தெரியுமா? வாருங்கள், அதன் கூரைமேல் ஏறிப் பார்ப்போம்!

அதற்கு முன் ஒரு விசேஷம். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்குப் போகும் நம் வீதியின் பெயர் ஏ5. ஜெர்மனியில் பிராங்பேர்ட்டுக்கும் டார்ம்ஸ்டட்டுக்கும் இடையே, 2019இல் லொறிகளுக்கென்று கம்பி கட்டிய நெடுஞ்சாலையின் பெயரும் ஏ5! ஒவ்வொரு திசையிலும் 5 கிலோமீற்றருக்குக் கம்பி இழுத்து அங்கே ஓட்டிப் பார்த்தார்கள்.

சரி, கூரைக்கு வருவோம். அங்கே ஒரு நீளமான கை மடங்கிப் படுத்திருக்கிறது. மேலே கம்பி வந்துவிட்டதென்று உணரி சொன்னதும் கை தானாக எழும்பி இரண்டு கம்பிகளைத் தொடுகிறது. ஏன் இரண்டு? ரயிலுக்கு ஒன்று போதும், மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்பிவிடும். லொறிக்கு ரப்பர் டயர் என்பதால் வர ஒரு கம்பி, போக ஒரு கம்பி. சாரதி சற்று இடமோ வலமோ விலகினாலும் கை கூடவே நகர்ந்து கம்பியை விடாது. முந்திச்செல்ல அடுத்த தடத்துக்குத் திரும்பினால் உடனே மடங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் லொறி தன் சொந்தப் பற்றரியிலோ எஞ்சினிலோ ஓடும்.

உண்மையான குதூகலம் இறக்கத்தில்தான்! தோட்டங்களில் கொழுந்து மூட்டையைக் கம்பியில் மாட்டிவிட்டால் அது எஞ்சின் இல்லாமலே சரிந்து பேக்டரியடிக்கு வந்து சேருமே, அந்தச் சரிவின் விசையை இந்த லொறி வீணாக்காது. பிரேக் பிடிக்கும்போது மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி, கரன்ட்டைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். இறங்கும் லொறி ஏறும் லொறிக்குத் தோள் கொடுக்கும்! 10 தொன் எடை 1000 மீற்றர் இறங்கினால் அதில் இருப்பது ஏறத்தாழ 27 அலகு மின்சாரம். சேதாரம் போனாலும் பெரும்பங்கு மிஞ்சும். இன்று அது பிரேக்கையும் எஞ்சினையும் சூடாக்கியே தீர்கிறது.

இது புதிதுமல்ல. 1882இலேயே வேர்னர் வான் சீமன்ஸ் பேர்லினில் கம்பியில் ஓடும் வண்டியைக் காட்டிவிட்டார். கிரைமியாவில் சிம்பெரோபோலிலிருந்து மலைக்கணவாயைத் தாண்டி யால்டா வரை 86 கிலோமீற்றருக்கு, கரன்ட்டில் ஓடும் ட்ரொலிபஸ்ஸின் கம்பி 1961இலேயே எட்டியது. அதே கம்பியில் சரக்கு லொறிகளும் ஓடின. நம் கொழும்பிலும் 1953 முதல் 1964 வரை ட்ரொலிபஸ் ஓடியது.

செலவு பெரிது என்பது மெய்தான். ஆனால் வீதி முழுக்கக் கம்பி எதற்கு? பெரிய சுரங்கங்களில் இராட்சத லொறிகளுக்கு ஏற்றத்தில் மட்டும் கம்பி போடுகிறார்கள். சமதரைக்குச் சின்னப் பற்றரி போதும்.

கரன்ட்டுக்கும் தூரம் போக வேண்டியதில்லை. வெலிமடைப் பக்கம் புஹுல்பொலவில் அணை கட்டித் தடுத்த உமா ஓயாத் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தால் இறங்கி, 2024இல் திறந்த 120 மெகாவொட் நிலத்தடி மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. விலையைக் கொடுத்தது ஊவா மண். 2022இல் டீசல் வரிசையில் மரக்கறி லொறிகள் காத்துக் கிடந்ததையும் இந்த மண் பார்த்தது. உமா ஓயா மின்சாரத்தில் ஒரு பங்கு இந்த மலையிலேயே வேலை செய்யட்டும். கெப்பெட்டிபொலவிலிருந்து ஹக்கல வரையான ஏற்றத்தில் முதல் கம்பியைக் கட்டுங்கள்!